ஓ.எல். எழுதிய பிள்ளைக்கு அடுத்து என்ன? தொழிற்பயிற்சிப் பாடநெறிகள் பற்றிச் சில விளக்கங்கள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வந்ததும் எமது தோட்டங்களில் வழக்கமாக ஒரு பேச்சு எழும். "கணக்கு பெயிலாப் போச்சு. இனி என்னத்தப் படிக்க வைக்கிறது? கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பதே அது. தீபாவளிக்கு ஊருக்கு வரும் யாராவது ஒருவர் திரும்பிப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போவார். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை, இல்லையென்றால் ஒரு சாப்பாட்டுக் கடை. பெண் பிள்ளையானால் ஆடைத் தொழிற்சாலை, அல்லது யாரோ ஒருவருடைய வீட்டு வேலை. பத்து வருஷம் கழித்து "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்டால், "கடையில நின்னேன்" என்பதைத் தவிர அந்தப் பையனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

கொழும்புக்குப் போவது பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் 16 வயதிலிருந்து 18 வயது வரையான இரண்டு வருஷங்களைக் கடையில் கழிப்பதற்கும், ஒரு தொழிலைக் கற்றுக் கையில் ஒரு சான்றிதழோடு அதே கொழும்புக்குப் போவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கணக்கிலோ விஞ்ஞானத்திலோ சித்தியடையாத பிள்ளைக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது என்பதுதான் எமது வீடுகளில் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டு முதல் 16 ஆக இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 14இல் இருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே 14, 15 வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம். "பக்கத்து லயத்துப் புள்ள போகுதே" என்பது அதற்குப் பதிலாகாது.

எங்கெல்லாம் படிக்கலாம்?

அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி ஒரே இடத்தில் நடப்பதில்லை. நாலைந்து நிறுவனங்கள் தனித்தனியே நடத்துகின்றன. பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் எமது ஆட்கள் குழம்பிப் போவதில் ஆச்சரியமில்லை.

பழையவை தொழில்நுட்பக் கல்லூரிகள். 1893ஆம் ஆண்டு கொழும்பு மருதானையில் தொடங்கிய கல்லூரியில் இருந்து வளர்ந்த வரிசை இது. தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களம் இவற்றை நடத்துகிறது. மலையகத்தைச் சுற்றிப் பார்த்தால் கண்டி, பதுளை, இரத்தினபுரி ஆகிய இடங்களில் பெரிய கல்லூரிகளும், நுவரெலியா, பண்டாரவளை ஆகிய இடங்களில் சிறியவையும் உள்ளன. பெரிய கல்லூரிகளில் டிப்ளோமா வரையில் படிக்கலாம்.

அடுத்தது இலங்கை தொழிற்பயிற்சி அதிகார சபை. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. பட்டணத்துக்கு வரமுடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அதனால் நாடு முழுவதும் சிறு சிறு நிலையங்களை வைத்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில் இருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

மூன்றாவது, 'நைட்டா' என்று எல்லோரும் சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை. இதன் முறை வேறு. வகுப்பறையை விட வேலைத்தளத்துக்கு இங்கே முக்கியத்துவம் அதிகம். பிள்ளையை ஒரு கராஜிலோ, ஹோட்டலிலோ, அச்சகத்திலோ பயிலுனராகச் சேர்த்து, வேலை செய்துகொண்டே கற்க வைப்பார்கள். புத்தகம் என்றாலே தூக்கம் வருகிற பிள்ளை, ஆனால் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் சாப்பாட்டையும் மறக்கிற பிள்ளை என்றால், எமது அபிப்பிராயப்படி அவனுக்கு இதுதான் பொருத்தம்.

இவை தவிர தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பயிற்சி நிலையங்களும், அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன. பாடசாலையிலேயே தொடர்ந்து படிக்க விரும்பும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் 12ஆம், 13ஆம் வகுப்புகளில் தொழிற்பாடங்களைப் படிக்கும் முறை 2017ஆம் ஆண்டில் முதலில் 42 பாடசாலைகளில் ஆரம்பிக்கப்பட்டது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்று அதற்குப் பெயர். உங்கள் பகுதியில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதை அதிபரிடமோ வலயக் கல்விக் காரியாலயத்திலோ கேட்கலாம்.

மட்டம் என்றால் என்ன?

பாடநெறி விளம்பரங்களில் 'என்.வி.கியூ. மட்டம் 3', 'மட்டம் 4' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேசிய தொழிற் தகைமை என்பதன் சுருக்கம் அது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு சான்றிதழைக் கொடுத்தது. ஓரிடத்தில் ஆறு மாதம் படித்த வெல்டிங்கும் இன்னோரிடத்தில் ஒரு வருஷம் படித்த வெல்டிங்கும் சமமா, எது கூட, எது குறைய என்று முதலாளிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. இதைச் சரிசெய்யத்தான் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலாக ஏழு மட்டங்கள் வகுக்கப்பட்டன.

இதை எமது ஸ்டோரை வைத்துப் பார்த்தால் இலகுவாக விளங்கும். மட்டம் 1 என்பது ஸ்டோருக்குப் புதிதாக வந்த பையன். ஆயுதங்களின் பெயர் தெரியும், எதைத் தொடக்கூடாது என்று தெரியும். மட்டம் 2 என்றால் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல வேலை செய்வான். மட்டம் 3இல் இடைக்கிடை வந்து பார்த்தால் போதும். மட்டம் 4 என்பது "நீ போய்ச் செய்துட்டு வா" என்று நம்பி விடக்கூடிய ஆள். முழுத் தொழிலாளி என்பது அவர்தான். அதற்கு மேல் மட்டம் 5, 6 இரண்டும் டிப்ளோமா. மட்டம் 7 பட்டப்படிப்புக்குச் சமம். அதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்றும் உருவாக்கப்பட்டிருக்கிறது.

இந்த மட்டங்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று தொடுத்திருக்கின்றன. மட்டம் 4 எடுத்த பிள்ளை, உயர்தரம் எழுதாமலே அந்தத் துறையில் மட்டம் 5க்கு விண்ணப்பிக்கலாம். எமது மலைநாட்டில் எத்தனையோ பாடசாலைகளில் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க வசதியில்லை. உயர்தரம் என்றாலே கலைப்பிரிவு என்றுதான் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு தொழில்நுட்பத் துறையில் டிப்ளோமா வரை போக இது ஒரு வழி. சுற்று வழிதான். ஆனால் வழி.

ஆரம்பப் பாடநெறியில் என்ன சொல்லித் தருவார்கள்?

மின்னிணைப்பு வேலை, குழாய் பொருத்துதல், வெல்டிங், மேசன் வேலை, தச்சு வேலை, வாகனம் திருத்துதல், முச்சக்கர வண்டி திருத்துதல், தையல், சிகை அலங்காரம், பேக்கரி, சமையல், ஹோட்டல் அறைப் பராமரிப்பு, கணினி, முன்பள்ளி ஆசிரியை, தாதி உதவியாளர் என்று பட்டியல் நீளும். எல்லாம் எல்லா நிலையங்களிலும் இருக்காது. சேர்வதற்கான படிப்பும் வேலைக்கு வேலை மாறும். சிலவற்றுக்கு 9ஆம் வகுப்பு போதும். சிலவற்றுக்குச் சாதாரண தரத்தில் குறிப்பிட்ட சில பாடங்கள் வேண்டும்.

உதாரணத்துக்கு மின்னிணைப்புப் பாடநெறியை எடுத்துக்கொள்வோம். "போன உடனே வயரிங் சொல்லித் தருவாங்க" என்று நினைத்துப் போகும் பிள்ளைக்கு முதல் வாரங்கள் கொஞ்சம் சலிப்பாக இருக்கும். முதலில் பாதுகாப்பு. கரண்ட் அடித்தவரை எப்படி விடுவிப்பது, எந்த நிலையில் தொடக்கூடாது, ஏணியை எப்படிச் சாய்ப்பது. பிறகு ஆயுதங்கள், அளவெடுத்தல், வரைபடம் வாசித்தல். அதற்குப் பிறகுதான் பலகையில் வயர் ஓட்டிப் பழகுவது. லயங்களில் ஒரு லைனிலிருந்து ஒன்பது வீட்டுக்குக் கண்டபடி வயர் இழுத்து, அது உரசித் தீப்பிடித்து மொத்த லயமும் எரிந்த கதைகள் எமக்குப் புதிதல்ல. அந்த முதல் வாரங்களில் சொல்லித் தருவது எதற்கு என்பதை எமது பிள்ளைகளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிலையத்தில் படிப்பு முடிந்தவுடன் சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. அதன்பின் சில மாதங்கள், பல தொழில்களில் ஆறு மாதம், ஒரு வேலைத்தளத்தில் பயிற்சி பெற வேண்டும். அது முடிந்த பிறகு மதிப்பீடு. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இங்கே 40 புள்ளி எடுத்தால் பாஸ் என்ற கதை இல்லை. அந்த வேலையைச் செய்யும் தேர்ச்சி இருக்கிறது, அல்லது இன்னும் இல்லை என்பதுதான் முடிவு. இல்லையென்றால் திரும்பப் பழகிவிட்டு வரலாம்.

எமது பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் இந்த வேலைத்தளப் பயிற்சிக் காலத்தில்தான். நிலையம் பக்கத்தில் இருந்திருக்கும், வேலைத்தளம் தூரத்தில் கிடைத்திருக்கும். தங்க இடம் வேண்டும், சாப்பாட்டுக்குக் காசு வேண்டும், கையில் வருவதோ சிறு தொகை. அந்த நேரத்தில் கடையில் கூடச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவர் கூப்பிட்டால் பையன் போய்விடுவான். பிறகு ஒரு வருஷம் படித்ததற்குக் கையில் ஒரு துண்டும் இருக்காது. ஆகவே சேர்க்கும்போதே கடைசி ஆறு மாதத்துக்கு எப்படிச் சமாளிப்பது என்று வீட்டில் பேசி வையுங்கள். சீட்டுப் போடுகிறவர்கள் அந்த மாதத்தைப் பார்த்து எடுக்கலாம். தங்கும் விடுதி உண்டா, பஸ் சீசன் டிக்கட் கிடைக்குமா, பயிற்சிக் கொடுப்பனவு உண்டா என்ற மூன்றையும் விண்ணப்பம் வாங்கும் நாளிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? கட்டணம் இல்லாத பாடநெறிகளும் உண்டு, கட்டணம் அறவிடுபவையும் உண்டு. அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வேலை தெரியும், சான்றிதழ் இல்லை

இதுவரை சொன்னது பிள்ளைகளுக்கு. இனிச் சொல்லப்போவது அப்பாமாருக்கும் அண்ணன்மாருக்கும். எமது கருத்தில் இந்தக் கட்டுரையில் ஆகவும் பயனுள்ள பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒவ்வொரு தோட்டத்திலும் இருபது வருஷமாக ஸ்டோரில் மெசின் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். உருட்டும் மெசினின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். வெளியில் இருந்து வந்த எஞ்சினியரும் அவரிடம் கேட்டுத்தான் கழற்றுவார். அதேபோல வீடு கட்டும் மேசன், கதவு செய்யும் தச்சர், லொறி ஓடுகிறவர், தைக்கிற அக்கா, கொழும்பில் பத்து வருஷம் சமையற்கட்டில் நின்று திரும்பி வந்த மாமா. வேலை கைவந்த ஆட்கள். ஆனால் தோட்டத்துக்கு வெளியே போய் வேலை கேட்டால், "சேர்ட்டிபிக்கட் இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதனால் மேசனும் 'கையாள்' கூலிக்கு நிற்கிறார்.

இவர்களுக்காகவே முன் கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.பி.எல். என்பார்கள். இதற்கு வகுப்புக்குப் போகத் தேவையில்லை. எங்கே படித்தாய் என்று கேட்கமாட்டார்கள். என்ன செய்யத் தெரியும் என்றுதான் பார்ப்பார்கள். நைட்டா, தொழிற்பயிற்சி அதிகார சபை ஆகியவற்றின் மாவட்டக் காரியாலயங்களில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பித்ததும் ஒரு மதிப்பீட்டாளர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள், எந்தெந்த வேலைகள் தெரியும் என்று விசாரிப்பார். அந்தத் தொழிலுக்குரிய வேலைகள் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதப்பட்ட தேசிய நியமம் ஒன்று இருக்கிறது. மேசன் வேலை என்றால் அத்திவாரம் குறித்தல், கல் கட்டுதல், பூசுதல், தரை போடுதல் என்ற மாதிரி. அவற்றில் உங்களுக்கு எவை தெரியும் என்று பார்த்து, அதற்கு ஆதாரம் கொண்டு வரச் சொல்வார்.

ஆதாரம் என்றவுடன் பயந்துவிட வேண்டாம். வேலை கொடுத்தவர் எழுதிய கடிதம், தோட்டத்து ஒபிசில் இருந்து எடுத்த சேவைக் கடிதம், நீங்கள் கட்டிய வீட்டின் படம், நீங்கள் செய்த அலுமாரியின் படம், கூலி வாங்கிய துண்டு, இவையெல்லாம் ஆதாரம்தான். இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கையில் போன் இருக்கிறது. வேலை செய்யும்போது பாதியிலும் முடிந்த பிறகும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தில் நீங்களும் தெரிய வேண்டும். வெறும் சுவரின் படத்தை வைத்து அது யார் கட்டிய சுவர் என்று சொல்ல முடியாது அல்லவா.

அதன்பின் செய்முறை மதிப்பீடு. எல்லாப் பகுதிகளிலும் தேர்ச்சி இருந்தால் முழுச் சான்றிதழ் கிடைக்கும். வகுப்பில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான் இது. சில பகுதிகளில் மட்டும் தேர்ச்சி என்றால் அந்தப் பகுதிகளைக் குறிப்பிட்டு ஒரு பத்திரம் தருவார்கள். குறைந்த பகுதியை மட்டும் பழகிக்கொண்டு திரும்ப மதிப்பீட்டுக்குப் போகலாம். பழைய ஆட்கள் பலர் தடுமாறுவது கை வேலையில் அல்ல. பாதுகாப்பு முறைகள், அளவுக் கணக்கு, வரைபடம் பார்த்தல் இவற்றில்தான். மேசன் அண்ணன் ஒருவர் எம்மிடம், "சுவரு நூல் புடிச்ச மாதிரி நிக்கும்ங்க, ஆனா எத்தன கல்லு வேணும்னு எழுதச் சொன்னா கை நடுங்குது" என்றார். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு மாதம் பின்னேரங்களில் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சான்றிதழ் கிடைத்தால் தோட்டத்தில் சம்பளம் உடனே கூடிவிடும் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. பலருக்குக் கூடாது. ஆனால் கொன்ட்ராக்ட் எடுக்கும்போதும், வெளிநாட்டுக்குப் போகும்போதும், பட்டணத்துக் கம்பனியில் வேலை கேட்கும்போதும் அது பேசும்.

காசு கட்டும் முன் இரண்டு கேள்வி

பெறுபேறுகள் வரும் காலத்தில் பட்டணத்துச் சுவர்களிலும் போனிலும் விளம்பரங்கள் குவியும். 'மூன்றே மாதத்தில் டிப்ளோமா', 'வேலை நிச்சயம்' என்று போட்டிருக்கும். எல்லாத் தனியார் நிறுவனங்களும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல முறையில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் காசு கட்டி, கடைசியில் கிடைத்த வர்ணச் சான்றிதழை எந்த இடத்திலும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அழுத தாய்மாரையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நாட்டில் உள்ள தொழிற்பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிப்பதற்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. பயிற்சி நிறுவனம் இந்த ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே முதற் கேள்வி: "உங்க நிறுவனம் பதிவு செய்ததா? இலக்கம் என்ன?"

அதோடு நின்றுவிடக் கூடாது. பதிவு வேறு, பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. பதிவு செய்த நிறுவனம் ஒன்று பத்துப் பாடநெறிகளை நடத்தலாம், அதில் இரண்டுக்கு மட்டும் என்.வி.கியூ. அங்கீகாரம் இருக்கலாம். மிச்சம் எட்டில் ஒன்றில் உங்கள் பிள்ளை சேர்ந்தால் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்காது. விளம்பரத்தில் 'அரசாங்கப் பதிவு பெற்றது' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஆகவே இரண்டாவது கேள்வி: "என் பிள்ளை சேரப்போற இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கா? எத்தனையாவது மட்டம்?" இந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராத இடத்தில் காசு கட்ட வேண்டாம். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்துக்குத் தமிழில் பேசி எந்தக் காரியாலயத்தில் விசாரிப்பது என்று அறிந்துகொள்ளலாம். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

பெண் பிள்ளைகளும் மொழியும்

பெண் பிள்ளை என்றவுடன் தையல், இல்லாவிட்டால் சிகை அலங்காரம் என்று வீட்டில் முடிவெடுத்துவிடுகிறார்கள். தையல் நல்ல தொழில்தான். ஆனால் ஒரே தோட்டத்தில் பதினைந்து பேர் தையல் படித்தால் யாருக்கு யார் தைப்பது? கணினி, மின்னிணைப்பு, ஹோட்டல் துறை எதிலும் பெண் பிள்ளைகள் சேரக்கூடாது என்று சட்டமில்லை. அப்பாமார் சிலர் தூரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நாம் குறை சொல்லமாட்டோம். விடுதியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறோம். அதே விடுதியைப் பார்க்காமலே ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறோமே!

முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைக் காம்பரா என்று நாம் சொல்லி வந்த இடங்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியிருக்கின்றன. பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால் போதும் என்ற காலம் போய்விட்டது. அங்கே வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களைத்தான் தேடுகிறார்கள். தோட்டத்தை விட்டுப் போக விருப்பமில்லாத பிள்ளைக்கு இது கைகொடுக்கும்.

மொழிப் பிரச்சினையை மறைப்பதில் பயனில்லை. மலையகத்தில் உள்ள நிலையங்கள் எல்லாவற்றிலும் எல்லாப் பாடநெறிகளும் தமிழில் நடப்பதில்லை. தமிழில் சொல்லித் தர ஆள் இல்லை என்று சிங்களத்திலேயே நடத்துகிற இடங்கள் உண்டு. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. ஆனாலும் வகுப்பறைக்கு அது முழுதாக வந்து சேரவில்லை. விண்ணப்பப் படிவத்தில் மொழியைக் கேட்டிருந்தால் 'தமிழ்' என்று தெளிவாக எழுதுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் போதிய அளவு விண்ணப்பிப்பதில்லை என்று சொல்லித்தான் பல இடங்களில் தமிழ் வகுப்பை ஆரம்பிக்காமல் விடுகிறார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் அந்தச் சாட்டைச் சொல்ல முடியாது. அதே நேரம் பேச்சுச் சிங்களம் தெரிந்த பிள்ளை, தமிழ் வகுப்புக்காக இரண்டு வருஷம் காத்திருப்பதும் சரியாக எமக்குப் படவில்லை. வேலைத்தளத்தில் எப்படியும் சிங்களம் பேசத்தான் வேண்டும்.

18 வயதைத் தாண்டிய பிறகு "நான் படிக்காம விட்டுட்டேனே" என்று வருந்துகிறவர்களுக்கு இலங்கை திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு தொடங்கியது. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி ஒன்றை முடித்து அங்கிருந்து பட்டப்படிப்புக்குப் போகலாம். வேலை செய்துகொண்டே வீட்டில் இருந்து படிக்கும் முறை இது. எமக்குக் கிட்டிய பெரிய நிலையம் கண்டியில் உள்ளது. கட்டணம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன்

அநேக நிலையங்களில் வருடத் தொடக்கத்திலும் வருட நடுவிலும் புதிய பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அறிவித்தல் பத்திரிகைகளில் வரும். தோட்டத்துக்குப் பத்திரிகை வராவிட்டால் பிரதேச செயலகத்துக்குப் போய், மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் யார் என்று கேளுங்கள். தொழில் வழிகாட்டல் அவருடைய கடமை. மாதச் சம்பள நாளில் எப்படியும் டவுனுக்குப் போகிறீர்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தப் படியை ஒருமுறை ஏறுங்கள்.

படிவத்தோடு பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். எமது ஆட்களுக்கு அதிகம் சிக்கல் வருவது முதல் இரண்டிலும்தான். பிறப்புச் சான்றிதழில் 'ராமாயி' என்றும் பாடசாலையில் 'இராமாயி தேவி' என்றும், அப்பாவின் பெயர் இரண்டிலும் இரண்டு விதமாகவும் இருக்கும். வீட்டில் கூப்பிடுகிற பெயரையே பள்ளிக்கூடத்தில் பதிந்திருப்பார்கள். விண்ணப்பம் முடியும் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் இது வெளிச்சத்துக்கு வரும்.

ஆகவே பிள்ளை 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிறு வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சில காரியாலயங்கள் அதை ஏற்கும், சில ஏற்காது. திருத்திக்கொள்வதே நல்லது. பிறப்பே பதியப்படாத பிள்ளை என்றால் காலங்கடந்த பதிவுக்கு மனுச் செய்யலாம். அதற்குப் பாடசாலை அனுமதிப் பதிவு, தோட்டத்து ஒபிசில் உள்ள பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், தடுப்பூசி அட்டை போன்ற பழைய பத்திரங்கள் உதவும். அதுவும் முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் வாரங்கள் அல்ல, மாதங்கள் செல்லும். வெயில் காலத்தில் கொழுந்து குறைந்து அரைப்பேர் போடும் நாட்களில் ஒரு நாளை ஒதுக்கி இந்த அலுவலைத் தொடங்கிவிடுங்கள். கொண்டுபோகும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு போட்டோ பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.